அடையாளம் கூறுவதில் அநியாயம்

வருஷந்தோறும் பெப்ரவரியிலும் ஜூலையிலும் ஆஸ்திரேலியாவின் சர்வகலாசாலைகள் திறக்கும் பருவத்தில் நமது விமான நிலையங்களில் ஒரு காட்சியைக் காணலாம். தாயார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். தகப்பனார், பாங்கியில் வாங்கிய கடனை மனத்தில் நினைத்துக்கொண்டே மகனுக்குப் புத்திமதி சொல்லுகிறார். அப்புத்திமதியில் முதலாவது படிப்பைப் பற்றியதாக இருப்பதில்லை. "இராக் காலத்தில் தனியே ரயில் ஏறாதே" என்பதே அது. 2009-ம் வருஷத்தில் மெல்போர்ன் நகரத்தில் நம் மாணவர்கள் அடிபட்ட செய்தி நமது இல்லங்களில் விதைத்த அச்சம் இன்றும் தீர்ந்தபாடில்லை. அச்சம் இருக்கும் இடத்தில் வதந்தியும் துவேஷமும் குடிபுகும். ஆகையால் அன்று நடந்தது என்ன, அதைக் குறித்து இரு தேசத்தாரும் பேசியது என்ன, அதில் எது மெய், எது பொய் என்பதை நிதானமாக ஆராய்வது பிரயோஜனமென்று கருதுகிறோம்.

2004-ல் ஆஸ்திரேலியாவில் இருந்த இந்திய மாணவர்கள் சுமார் 30,000 பேர். 2009-ல் அத்தொகை ஏறக்குறைய 97,000 ஆயிற்று. இவர்களில் சுமார் 45,000 பேர் மெல்போர்னிலேயே வசித்தனர். ஐந்து வருஷத்தில் மும்மடங்கு பெருகிய இக்கூட்டத்தில் பலர் பெரிய சர்வகலாசாலைகளுக்குச் சென்றவர்களல்லர். சமையல், சிகையலங்காரம் முதலிய தொழில்களைக் கற்பிப்பதாக விளம்பரம் செய்த தனியார் கலாசாலைகளில் பணம் கட்டி, படிப்பு முடிந்ததும் அத்தேசத்திலேயே குடியேறும் உரிமை கிடைக்குமென்ற ஆசையால் சென்றவர்கள். வாரத்திற்கு 20 மணி நேரமே வேலை செய்யலாமென்பது அப்போதைய விதி. வாடகை குறைந்த மேற்குப் புறநகர்களில் ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கி, பெட்ரோல் பங்க்கிலும், இரவெல்லாம் திறந்திருக்கும் கடைகளிலும், டாக்ஸியிலும் வேலை செய்து, நடுநிசி ரயிலில் வீடு திரும்புவதே அவர்களுடைய தினசரி வாழ்க்கையாயிற்று.

கொள்ளைக்காரன் தேடுவது இத்தகையவனைத்தான். தனியாக வருகிறான்; பையில் மடிக்கணினியும் சட்டையில் செல்போனும் இருக்கின்றன; ஊருக்குப் புதியவன்; அடித்துப் பிடுங்கினாலும் தன் விஸாவுக்குக் கேடு வருமோவென்று பயந்து போலீஸாரிடம் போகமாட்டான். விக்டோரியா மாகாணப் போலீஸாரின் கணக்குப்படியே, 2006-07-ல் 1,083 ஆக இருந்த, கொள்ளை, தாக்குதல் முதலியவற்றிற்கு ஆளான இந்திய வம்சத்தினரின் தொகை, 2007-08-ல் 1,447 ஆக உயர்ந்தது. 2009 மே மாதத்தில் மெல்போர்ன் ரயிலில் ஒரு மாணவர் அடித்து நொறுக்கப்பட்ட காட்சி காவல் காமிராவில் பதிவாகி உலகமெங்கும் காட்டப்பட்டது. அதே மாதத்தில் ஹாட்ஃபீல்ட் என்னும் பகுதியில், அழையாமல் விருந்துக்குள் நுழைந்தவர்கள் ஆந்திர தேசத்து மாணவர் ஒருவரைத் திருப்புளியால் குத்தினார்கள். மே 31-ந் தேதி ஆயிரக்கணக்கான மாணவர்கள் நகரத்தின் நடுவே பிளிண்டர்ஸ் வீதிச் சந்தியில் உட்கார்ந்து மறியல் செய்தனர். அப்பொழுது நமது பிரதம மந்திரியாயிருந்த, காலஞ்சென்ற ஸ்ரீ மன்மோஹன் சிங் ஆஸ்திரேலியப் பிரதம மந்திரி கெவின் ரட்டிடம் இவ்விஷயத்தைப் பிரஸ்தாபித்தார். ஸ்ரீ அமிதாப் பச்சன் அத்தேசத்துச் சர்வகலாசாலை ஒன்று அளிக்க முன்வந்த கௌரவப் பட்டத்தை ஏற்க மறுத்தார்.

இச்சமயத்தில்தான் குற்றவாளி யார் என்ற கேள்விக்கு மூன்று விதமான விடைகள் பிறந்தன. மூன்றையும் பரிசீலிப்போம்.

முதல் விடை போலீஸாருடையது. இவை சமயம் பார்த்துச் செய்த கொள்ளைகளே. நிறத்துவேஷத்திற்கும் இவற்றிற்கும் சம்பந்தமில்லை. இந்தியர்கள் எளிதில் அகப்படும் இரையாக இருக்கிறார்கள் என்றனர். அத்துடன் நில்லாமல், ரயிலில் தாய்மொழியில் உரக்கப் பேச வேண்டாம், விலையுயர்ந்த சாமான்களை வெளியே காட்ட வேண்டாமென்று மாணவர்களுக்கு உபதேசமும் செய்தனர். திருடனைத் தேட வேண்டியவர்கள் பறிகொடுத்தவனுக்கு ஒழுக்கம் கற்பித்தால் அவன் மனம் கொதிக்காமல் என்ன செய்யும்? ஒருவன் தன் தாய்மொழியில் பேசுவதை ஆபத்துக்குக் காரணமென்று சொல்லும் அதிகாரி, அக்குற்றத்தில் நிறத்திற்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? மொழியைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, "இவன் இன்னான், இவனை அடித்தால் கேட்பாரில்லை" என்று தெரிந்தெடுத்தவனுடைய நெஞ்சில் வெறுப்பு இருந்ததோ இல்லையோ, அவன் தெரிந்தெடுத்தது நிறத்தைக் கொண்டுதான். "சமயம் பார்த்துச் செய்த குற்றம்" என்ற சொல் இவ்வுண்மையை மூடிவிடுகிறது.

இரண்டாவது விடை நம்முடையது. நமது தேசத்துப் பத்திரிகைகளிற் பலவும், டெலிவிஷன் நிலையங்கள் பலவும், வெள்ளையர் நிறவெறி கொண்டு இந்தியரை வேட்டையாடுகின்றனர் என்று முழங்கின. 2010 ஜனவரியில் டெல்லி ஆங்கிலப் பத்திரிகை ஒன்று, விக்டோரியா போலீஸாருக்கு அமெரிக்க நிறவெறிக் கூட்டத்தாரின் முகமூடியை அணிவித்துச் சித்திரம் வெளியிட்டது. அம்மாதம் 2-ந் தேதி யாராவில் பூங்காவின் வழியே வேலைக்குச் சென்றுகொண்டிருந்த 21 வயது இந்திய வாலிபர் குத்திக் கொல்லப்பட்டதே இக்கொதிப்புக்கு உடனடிக் காரணம். அக்கொலை மெய், அந்தத் துயரம் மெய். கொலையாளி என்று நிரூபிக்கப்பட்டவன் 18 வயது நிரம்பாத சிறுவன். செல்போனைப் பறிக்கும் எண்ணத்தோடு செய்த செயலென்று வெளியாயிற்று. 2011-ல் அவனுக்கு 13 வருஷச் சிறை விதிக்கப்பட்டது.

ஆனால் அதே மாதத்தில் வேறிரண்டு செய்திகளும் வந்தன. தம்மை நால்வர் மறித்துத் தீயிட்டதாக மெல்போர்னில் ஓர் இந்தியர் புகார் கொடுத்தார். நமது பத்திரிகைகள் அந்த நால்வரின் நிறத்தைக்கூட ஊகித்து எழுதின. விசாரணையிலோ, இன்ஷூரன்ஸ் பணத்திற்காகத் தமது மோட்டாருக்குத் தாமே தீ வைக்கையில் அவர் சுட்டுக்கொண்டார் என்று போலீஸார் கண்டு அவர்மீதே வழக்குத் தொடர்ந்தனர். கிரிஃபித் என்னும் ஊருக்கருகே கருகிய நிலையில் கிடைத்த இந்தியர் ஒருவரின் பிரேதத்தை வைத்தும் அதே கூக்குரல் எழுந்தது. அவ்வழக்கில் கைதானவர்கள் இந்தியரே. முதல் நாள் எட்டுக் காலத் தலைப்பில் நிறவெறி என்று எழுதியவர்கள், பின்னர் வெளியான உண்மையை எத்தனை வரிகளில் எழுதினார்கள்? பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாம் இதை எண்ணி நாண வேண்டும்.

மூன்றாவது விடை ஆஸ்திரேலியப் பொதுஜனங்களில் ஒரு சாராருடையது. "அடிப்பவர்கள் எங்கள் மக்கள் அல்லர், வேறு தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்களே" என்றனர். 2009 ஜூனில் ஸிட்னியைச் சேர்ந்த ஹாரிஸ் பார்க்கில் இந்தியர்கள் வீதியிலிறங்கி ஆர்ப்பாட்டம் செய்தபோது, தங்களைத் தாக்குபவர்கள் லெபனான் வம்சத்து வாலிபர்கள் என்று கூறினர். "மத்தியக் கிழக்குத் தோற்றமுடையவர்" என்ற சொற்றொடர் போலீஸ் அறிக்கைகளிலிருந்து கடைவீதிப் பேச்சுக்கு வந்துவிட்டது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. "இந்தியர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, எளிதில் அகப்படுவர்" என்று நினைத்து நம்மை அடித்தவன் செய்த பிழையையே, அடிபட்டவனும் செய்யத் தலைப்படுகிறான். எவனோ இருவர் அடித்தனர். அவ்வினத்தார் அனைவரும் அடிப்பவர்கள் என்று துணிகிறான்.

இம்மூன்று விடைகளுக்கும் நடுவே உண்மை எங்கே இருக்கிறது? ஆஸ்திரேலியக் குற்றவியல் ஆராய்ச்சி நிலையம் 2011-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு லக்ஷத்திற்கு மேற்பட்ட அன்னிய மாணவர்களின் விஸாப் பதிவுகளை, 2005 முதல் 2009 வரையிலான போலீஸ் புகார்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தயாரித்தது அது. அடிதடிக் குற்றங்களைப் பொறுத்தவரை இந்திய மாணவர்கள் அத்தேசத்துப் பொதுஜனங்களைவிட அதிகமாகப் பாதிக்கப்படவில்லை. கொள்ளையைப் பொறுத்தவரை பெரிய மாகாணங்களிற் பெரும்பாலானவற்றில் அவர்கள் அதிகமாகவே பாதிக்கப்பட்டனர் என்பது அதன் முடிவு. இரவு நேர வேலையும், கடைகளிலும் டாக்ஸிகளிலும் செய்யும் தொழிலும், பொது வாகனங்களை நம்பியிருக்கும் நிலையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. நிறத்துவேஷம் காரணமா என்ற கேள்விக்குப் போலீஸ் பதிவுகளைக் கொண்டு விடை கூற முடியாதென்றும் அந்நிலையத்தார் ஒப்புக்கொண்டனர். புகாரை எழுதிக்கொள்ளும் போலீஸ்காரர், அடித்தவன் என்ன வசைமொழி கூறினான் என்பதை எழுதிக்கொள்ளாவிட்டால், பிற்காலத்தில் எந்த நிபுணராலும் அதைக் கண்டுபிடிக்க இயலாதன்றோ?

ஆகவே, "துவேஷமே இல்லை" என்றவர்களும் சாட்சியமின்றிப் பேசினர். "எல்லாம் துவேஷமே" என்றவர்களும் சாட்சியமின்றியே பேசினர்.

இனி, அடையாளம் கூறும் விஷயத்திற்கு வருவோம். நாம் வக்கீல் தொழிலை அறிந்தவர்களாதலால் இதனைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். இருட்டில், பயத்தில், சில நொடிகளே கண்ட முகத்தை மனிதன் எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருப்பான்? லண்டனில் வசித்த நார்வே தேசத்தவரான அடால்ஃப் பெக் என்பவரை, தங்களை ஏமாற்றி நகைகளை அபகரித்தவர் இவரே என்று பல ஸ்திரீகள் ஒருவர்பின் ஒருவராகச் சாட்சி சொன்னார்கள். 1896-ல் அவருக்கு ஏழு வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. விடுதலையான பின் 1904-ல் மறுபடியும் அதே மாதிரிச் சாட்சியத்தின்மீது குற்றவாளியாக்கப்பட்டார். தண்டனை கூறுமுன் உண்மைக் குற்றவாளி பிடிபட்டான். பெக் நிரபராதி என்பதற்குச் சிறைச்சாலைப் பழைய பதிவிலிருந்த உடல் அடையாளமொன்று முன்னமே சான்றாயிருந்தது; அதை எவரும் மதிக்கவில்லை. இவ்வநீதியின் விளைவாகவே 1907-ல் இங்கிலாந்தில் கிரிமினல் அப்பீல் கோர்ட் ஏற்பட்டது.

1976-ல் டர்ன்புல் வழக்கில் ஆங்கில அப்பீல் கோர்ட் வகுத்த விதிகளை நமது வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். சாட்சி எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார், வெளிச்சம் எப்படி இருந்தது, இடையே மறைப்பு ஏதேனும் உண்டா, முன்பின் அறிந்த முகமா, போலீஸாரிடம் அடையாளம் கூறியது எத்தனை காலம் கழித்து, முதலில் கூறிய அடையாளத்திற்கும் பிடிபட்டவனின் உண்மைத் தோற்றத்திற்கும் வேற்றுமை உண்டா என்றெல்லாம் ஜூரிகள் ஆராய வேண்டும். நமது தேசத்திலும் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடத்தும் வழக்கம் இதே எச்சரிக்கையிலிருந்து பிறந்தது. கூண்டில் நிற்பவனை முதன்முதலாகக் கோர்ட்டிலேயே சுட்டிக்காட்டுவது பலவீனமான சாட்சியம் என்பது நமது நியாயாதிபதிகள் பன்முறை கூறியிருக்கும் கொள்கை.

பார்த்தவனும் பார்க்கப்பட்டவனும் வேறு வேறு இனத்தவரானால் தவறு இன்னும் பெருகுகிறது. தன் இனத்தார் முகங்களைப் பிரித்தறிவதைப்போல் பிற இனத்தார் முகங்களைப் பிரித்தறிய மனிதனால் இயலுவதில்லையென்று, முப்பது வருஷத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2001-ல் வெளியான ஒரு கட்டுரை காட்டிற்று. வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என்ற பேதமின்றி எவருக்கும் உள்ள குறை இது. அமெரிக்காவில் 2020 வரை மரபணுப் பரிசோதனையால் நிரபராதிகளென்று நிரூபிக்கப்பட்ட 375 பேரில் ஏறக்குறைய 69 சதவீதத்தினரின் வழக்குகளில் தவறான அடையாளச் சாட்சியம் இருந்தது. அன்னிய நகரத்தில் அடிபட்ட அன்னியன் கூறும் அடையாளம் எத்துணை ஜாக்கிரதையோடு கையாளப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

அடையாளத்தின் பயன், தேடப்படும் ஒருவனை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது. "சுமார் 20 வயது, ஆறடி உயரம், இடது புருவத்தில் தழும்பு, சிவப்புக் கோடு போட்ட சட்டை, நொண்டி நடை, ரயில் நிலையத்திலிருந்து வடக்கே ஓடினான்" என்றால் அது அடையாளம். இவற்றோடு நிறத்தையும் சேர்த்துச் சொல்வதில் குற்றமில்லை. "கறுத்த வாலிபன்" என்று மட்டும் சொன்னால், அது ஒருவனையும் காட்டவில்லை. நகரத்திலுள்ள கறுத்த வாலிபர் அனைவரையும் காட்டுகிறது. குற்றவாளியை அது மறைத்துவிடுகிறது. நிரபராதிகளை வெளியே நிறுத்துகிறது. நிறத்தை ஒருபோதும் சொல்லலாகாதென்று வாதிப்பவர்களோடும் நாம் உடன்படவில்லை. ஜனங்களுக்குத் தெரிந்ததைப் பத்திரிகை மறைத்தால் வதந்தி அதை நூறு மடங்காக்கிப் பரப்பும். தேடுதலுக்குப் பயன்படுமானால் சொல்லுக, பயன்படாவிடில் விடுக. இதுவே நமது அபிப்பிராயம்.

பயனற்ற அடையாளம் எங்கே கொண்டு போய்விடும் என்பதற்கு மெல்போர்னே மறுபடி சாட்சி. அங்கே பிளெமிங்டன் பகுதியில் ஆப்பிரிக்க வம்சத்து வாலிபர்கள் சிலர், தங்கள் நிறத்திற்காகவே போலீஸார் தங்களை ஓயாமல் வழிமறிப்பதாகப் பெடரல் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். அப்பகுதியில் அவர்களுடைய குற்ற விகிதத்திற்குப் பொருந்தாத அளவில் அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர் என்று புள்ளிவிவர நிபுணர் காட்டினார். 2013 பெப்ரவரியில் வழக்கு சமரஸமாகி, போலீஸ் இலாகா தன் முறைகளைப் பொதுஜனங்கள் முன் பரிசீலிக்க ஒப்புக்கொண்டது. அதன் பின்னும் 2018 ஜனவரியில் அத்தேசத்து உள்துறை மந்திரி பீட்டர் டட்டன், ஆப்பிரிக்கக் கும்பல்களுக்குப் பயந்து மெல்போர்ன் ஜனங்கள் இரவில் ஹோட்டலுக்குப் போகவும் அஞ்சுகின்றனர் என்றார். விக்டோரியாவில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஸூடானில் பிறந்தவர்கள் சுமார் ஒரு சதவீதமே. ஜனத்தொகையில் அவர்கள் பங்கு அதனினும் மிகச் சிறிது என்பதால் அவர்களிடையே பிரச்சினை ஒன்று உண்டென்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் எஞ்சிய தொண்ணூற்றொன்பது சதவீதத்தைப் பற்றி எந்த மந்திரியும் அவர்களுடைய வம்சத்தைச் சொல்லிப் பேசக் கேட்டதில்லை.

அன்னியரைக் குறை கூறி நாம் திருப்தியடைந்துவிடலாகாது. 2016 ஜனவரி 31-ந் தேதி இரவு பெங்களூரில் ஸூடான் தேசத்து மாணவர் ஒருவர் ஓட்டிய மோட்டார் மோதி ஒரு ஸ்திரீ மாண்டாள். சிறிது நேரத்திற்கெல்லாம் அவ்வழியே வேறொரு மோட்டாரில் வந்தவர், டான்ஸானியா தேசத்து மாணவியான இளம் பெண். அவளுக்கும் ஸூடானுக்கும் சம்பந்தமில்லை. விபத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. அவளும் கறுப்பு, அதுவே கூட்டத்திற்குப் போதுமான அடையாளமாயிற்று. அவளை அடித்தார்கள், ஆடையைக் கிழித்தார்கள், மோட்டாரைக் கொளுத்தினார்கள். 2017 மார்ச்சில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நோயிடாவில் ஒரு சிறுவன் இறந்தபோதும், ஆப்பிரிக்கர்மீது சந்தேகம் பரவி, சம்பந்தமற்ற ஆப்பிரிக்க மாணவர்கள் கடைக்குள் துரத்தி அடிக்கப்பட்டனர். மெல்போர்ன் ரயிலில் நம் பையன் பட்ட அடிக்கு நமக்கு வலித்ததுபோல், டாரெஸ்ஸலாமில் அந்தப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு வலித்திராதா?

பிறப்பைக் கொண்டு குற்றவாளியை அடையாளம் காணும் அநியாயத்தைத் தமிழர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1871-ல் பிறந்து, 1911-க்குப் பின் சென்னை ராஜதானியில் அமலான குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், இன்ன ஜாதியில் பிறந்தவன் என்பதொன்றே குற்றத்திற்குச் சான்றாயிற்று. ஆயிரமாயிரம் பேர் கைரேகை பதித்து, இரவில் போலீஸ் நிலையத்தில் படுத்துறங்கக் கட்டளையிடப்பட்டனர். அந்த ரேகைச் சட்டத்தை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்கள்மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 16 பேர் மாண்டனர். மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். சுயராஜ்யம் வந்த பிறகே, 1952-ல், அச்சட்டம் தேசமெங்கும் ஒழிந்தது. இதை அனுபவித்த நாட்டார், "ஆப்பிரிக்கன் என்றால் கஞ்சா விற்பவன்", "வடக்கேயிருந்து வந்த கூலியாள் என்றால் திருடன்" என்று பேசுவது தகுமா?

செய்ய வேண்டியவை யாவை? வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கு நாம் சொல்வது: அடிபட்டால் உடனே புகார் கொடுங்கள். பார்த்ததை அப்பொழுதே எழுதி வையுங்கள். உயரம், வயது, உடை, குரல், ஓடிய திசை, கூறிய வசைமொழி இவற்றை விடாதீர்கள். பாராததை ஊகித்துச் சொல்லாதீர்கள். நமது சர்க்காரின் ஸ்தானிகர்களுக்கு நாம் சொல்வது: மாணவன் மாண்ட பின் கண்டனம் வெளியிடுவதைவிட, அவன் வந்திறங்கும்போதே அவனுடைய உரிமைகளையும், நம்பத்தகாத கலாசாலைகள் எவை என்பதையும் எடுத்துச் சொல்லுவது மேல். போலீஸார் எந்தத் தேசத்தினராயினும் அவர்களுக்கு நாம் சொல்வது: துவேஷத்தின் சான்று இருந்தால் முதல் புகாரிலேயே பதிவு செய்யுங்கள். விக்டோரியா மாகாணம் 2009-ல் துவேஷத்தால் செய்த குற்றத்திற்குத் தண்டனை விதிக்கையில் அதை நியாயாதிபதி கவனிக்க வேண்டுமென்று சட்டம் திருத்தியதும், 2012 முதல் இரவில் ரயில் நிலையங்களில் காவலர்களை நிறுத்தியதும் பாராட்டத்தக்கவை. நம் நகரங்களில் படிக்கும் அன்னிய மாணவர்களுக்கு அத்தகைய காவல் எங்கே என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பத்திரிகைக்காரர்களாகிய எமக்கு நாமே சொல்லிக்கொள்ளுவது ஒன்றுண்டு. பிடிபடாத குற்றவாளிக்கு ஜாதியும் மதமும் தேசமும் சூட்டும் உரிமை நமக்கில்லை. தவறாகச் சூட்டிவிட்டால், சூட்டிய அதே இடத்தில், அதே எழுத்தில், திருத்தமும் வெளியிடக் கடமைப்பட்டிருக்கிறோம். மெல்போர்னில் நம் பிள்ளைக்கு நாம் கேட்கும் நியாயம், அவன் செய்த செயலைக் கொண்டு அவனை மதிக்க வேண்டுமென்பதே. அந்த நியாயத்தைப் பெங்களூரிலும் சென்னையிலும் வழிநடக்கும் அன்னியனுக்கு அளித்த பின்னரே, அதைப் பிறரிடம் கேட்கும் யோக்கியதை நமக்கு உண்டாகும்.